வலிக்காத கால்

"கால் வலிக்குது சார்" என்று லீவு கேட்டால் மேனேஜர் முறைப்பார். "கால் வலிக்கவே மாட்டேங்குது சார்" என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். உண்மையில் அவர் உடனே லீவு தர வேண்டியது இரண்டாவது ஆளுக்குத்தான்.

இதைக் கண்டு சொன்னவர் நம்ம பக்கத்து ஆள். 1914-ல் கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரி தம்பதிக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று ஊரே நம்பிய காலம். இவர் கூடவே இருந்து கவனித்தார். சுடுகிற பாத்திரத்தைக் கையால் தூக்குகிறார்கள், புண்ணான காலோடு நடக்கிறார்கள். நரம்பு செத்ததால் வலி இல்லை. சிலருக்கு ராத்திரியோடு ராத்திரியாக விரல் குறைந்தது. காவல் இருந்து பார்த்தால்... எலி! கடித்தாலும் முழிப்பு வரவில்லை. அப்புறம் வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

இன்று அதே வேலையைச் சர்க்கரை செய்கிறது. நீளமான நரம்பு முதலில் கெடும். அதனால் கால்விரலில் ஆரம்பித்து, பிறகுதான் கைக்கு வரும். முதலில் எரிச்சல், எறும்பு ஊர்கிற மாதிரி. அப்புறம் மரத்துப்போகும். 'சரியாயிடுச்சு' என்று ஆசாமி சந்தோஷப்படுவது அப்போதுதான்.

என் பெரியப்பா அப்படித்தான். "என்ர காலு இரும்புக் காலு கண்ணு" என்பார். செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு உக்கடம் மார்க்கெட் பூராவும் சுற்றியிருக்கிறார். வாசலில் ரத்தத்தைப் பார்த்துக் கத்தியது பெரியம்மா. புண் ஆறவில்லை; ஒரு விரலை எடுத்தார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலில் நடப்பவர், இனி பஸ்ஸில் போனால் முருகன் கோபித்துக்கொள்வாரோ என்று கவலைப்பட்டார். "அவரே மயிலு மேலதானுங்க போறாரு" என்றாள் பெரியம்மா.

கெட்ட நரம்பு முழுசாகத் திரும்புவது கஷ்டம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் கெடுவதைத் தள்ளிப்போடலாம். வருஷம் ஒரு தடவை டாக்டர் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, "தெரியுதுங்களா?" என்பார். கண்ணை மூடிக்கொண்டு நிஜத்தைச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறவர்கள் பி-12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சனிக்கிழமை சாயங்கால நண்பர்களே, தொடர்ந்து குடித்தாலும் நரம்பு கெடும்.

ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள். குனியத் தொப்பை விடாவிட்டால், கண்ணாடியைத் தரையில் வையுங்கள். கொப்புளம் தெரிந்தால் மறுநாளே டாக்டர். அன்றைக்கு லீவு லெட்டரில் தைரியமாக எழுதலாம்: கால் வலிக்கவில்லை.