முதலும் ஐந்து! முடிவும் ஐந்து!

அன்னூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் குழி தோண்டிக் கோலி ஆடுவார்கள். குண்டு குழியில் விழ வேண்டும். குறைந்த அடியில் விழ வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

அதே கோலியை நூற்றைம்பது ஏக்கரில் ஆடினால் எப்படி இருக்கும்? அதுதான் கோல்ப்! விரலுக்குப் பதில் நீண்ட மட்டை. கண்ணாடிக் குண்டுக்குப் பதில் வெள்ளைப் பந்து. மூன்று குழிக்குப் பதில் பதினெட்டுக் குழி.

"பணக்காரர் ஆட்டம்! இதை யார் படிப்பது?" என்று பக்கத்தைப் புரட்டத் தோன்றும். புரட்ட வேண்டாம். அந்த மைதானத்தை வகுப்பதில் ஒரு சுவையான சங்கதி இருக்கிறது. அது கடைசியில் நிலத்திலும் தண்ணீரிலும், ஏழை வீட்டுப் பிள்ளைகளிலும் வந்து நிற்கிற சங்கதி.

ஆட்டம் பிறந்தது ஸ்காட்லாந்து நாட்டில். 1457-ல் அந்த நாட்டு அரசர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்துச் சபை இதற்குத் தடையே போட்டது! ஆண்கள் வில் பழகாமல் பந்தடிக்கப் போய்விடுகிறார்கள். நாளைக்குச் சண்டை வந்தால் யார் அம்பு விடுவது என்று கவலை. தடையை ஜனங்கள் சட்டை செய்யவில்லை. ஆட்டம் வளர்ந்தது. வெள்ளைக்காரரோடு கப்பல் ஏறி இந்தியாவுக்கும் வந்தது. 1829-ல் கல்கத்தாவில் கோல்ப் கிளப் ஏற்பட்டது. பிரிட்டனுக்கு வெளியே உள்ள கோல்ப் கிளப்புகளில் அதுதான் மூத்தது. பிறகு ஊட்டியிலும் வெலிங்டனிலும் கொடைக்கானலிலும் மைதானங்கள் தோன்றின. இன்று கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்திலும் பதினெட்டுக் குழி மைதானம் உண்டு.

"பார்" என்றால் என்ன?

ஒவ்வொரு குழிக்கும் ஒரு கணக்கு உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் அந்தக் குழியை எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. அதற்கு "பார்" என்று பெயர்.

தூரம் சுமார் 250 கஜத்துக்குள் என்றால் மூன்று அடி. அதற்கு மேல் 450, 470 கஜம் வரை நான்கு அடி. அதையும் தாண்டினால் ஐந்து அடி. பெரும்பாலான பெரிய மைதானங்களில் மூன்றடிக் குழி நான்கு, நாலடிக் குழி பத்து, ஐந்தடிக் குழி நான்கு. கூட்டிப் பார்த்தால் 72 வரும்.

கணக்குக்கு ஓர் அடி குறைத்து முடித்தால் "பேர்டி". இரண்டு அடி குறைத்தால் "ஈகிள்". சிட்டுக்குருவியும் கழுகும் மாதிரி! ஓர் அடி கூடினால் நஷ்டம்.

இப்போது சங்கதிக்கு வரலாம். பதினெட்டுக் குழிகளையும் எந்த வரிசையில் வைப்பது? முதலில் எதை வைப்பது? கடைசியில் எதை வைப்பது? மைதானம் வகுக்கிறவர்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நிலம் எப்படிக் கிடக்கிறதோ அதைப் பொறுத்துப் பாதி. வகுப்பவரின் மனத்தைப் பொறுத்துப் பாதி.

முதல் குழியும் ஐந்தடி, பதினெட்டாம் குழியும் ஐந்தடி என்று அமைந்த மைதானங்கள் அதிகம் இல்லை. இந்தியாவில் அதற்குப் பேர் போன உதாரணம் டில்லி கோல்ப் கிளப்பின் லோதி மைதானம். லோதி சுல்தான்கள், மொகலாயர்கள் காலத்துச் சமாதிக் கட்டடங்கள் அங்கே ஆட்ட வழியின் ஓரத்திலேயே நிற்கின்றன. மயில்கள் உலாவும். வழியோ குறுகல். இரண்டு பக்கமும் முட்புதர். பந்து உள்ளே போனால் தேடுவது வீண்!

ஏன் முதலில் ஐந்து?

காலையில் வந்து நிற்கிற ஆட்டக்காரருக்குக் கை இன்னும் சூடாகவில்லை. இடுப்பு வளையவில்லை. பின்னால் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கை நடுங்குகிறது. முதல் அடி புதருக்குள் போகிறது.

அது மூன்றடிக் குழியாக இருந்தால்? கதை அங்கேயே முடிந்தது! மீளுவதற்கு அடி ஏது? ஐந்தடிக் குழி என்றால் இன்னும் நான்கு அடி பாக்கி. இரண்டாவது அடியில் பாதைக்குத் திரும்பலாம். மூன்றாவதில் தூரத்தைப் பிடிக்கலாம். ஒரு தவறு செய்தவனுக்கு அது இடம் கொடுக்கிறது.

முதியோர் பள்ளியில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். முதல் நாளே "ஞ", "ணு" என்று ஆரம்பித்தால் மறுநாள் யார் வருவார்கள்? "ட", "ப", "ம" என்று நேர்கோட்டில் தொடங்குகிறார்கள். கை பழகட்டும். பிறகு வளைவு, சுழி எல்லாம் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது போக்குவரத்துக் காரணம். மூன்று நான்கு பேர் கொண்ட கோஷ்டிகள் பத்து நிமிஷத்துக்கு ஒன்றாகப் புறப்படும். மூன்றடிக் குழியில் முன்னே போன கோஷ்டி வேலையை முடித்து நகர்ந்தால்தான் பின்கோஷ்டி அடிக்க முடியும். இல்லாவிட்டால் பந்து மண்டையைப் பிளக்கும். ரயில்வே கேட் சாத்தியது போல எல்லாரும் நிற்பார்கள். நீளமான குழியில் அந்தத் தொல்லை குறைவு. முன்கோஷ்டி ஓர் அடி தூரம் தாண்டினால் போதும், அடுத்தவர் புறப்படலாம்.

ஆனால் எதிர்வாதமும் உண்டு. சில பலசாலிகள் இரண்டே அடியில் ஐந்தடிக் குழியின் பசும்புல் மேடைக்குப் பந்தைச் சேர்த்துவிடுவார்கள். அவர்கள் மேடை காலியாகட்டும் என்று காத்து நிற்பார்கள். அப்போது நீளக் குழியிலும் நெரிசல்தான். வாதம் நியாயமானது. ஆனால் அது பலசாலிகளின் கஷ்டம். சாதாரண மனிதனுக்கு முதல் குழி நீளமாகவும் இளக்கமாகவும் இருப்பதே நல்லது.

கடைசியில் ஏன் ஐந்து?

இங்கேதான் நாடகம்!

நாலடிக் குழியில் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் நான்கிலேயே முடிப்பார்கள். ஐந்தடிக் குழியில் அப்படி இல்லை. துணிந்தவன் மூன்றில் முடிக்கலாம். தடுமாறினவன் ஏழுக்குப் போகலாம். பின்தங்கியவன் கடைசி நிமிஷத்தில் முன்னுக்கு வர அது கதவைத் திறந்து வைக்கிறது.

2015-ல் டில்லியில் இந்தியன் ஓப்பன் பந்தயம் நடந்தது. கடைசி நாள் தொடங்கும்போது எஸ்.எஸ்.பி. சௌராசியா முன்னால் இருந்தார். அனிர்பன் லாகிரி பின்தங்கி இருந்தார். மாலையில் இருவரும் சமம்! முடிவு காண மறுபடியும் பதினெட்டாம் குழிக்கே போனார்கள். லாகிரி நான்கில் முடித்தார். கோப்பை அவருக்கு. சௌராசியா சளைத்தாரா? இல்லை. அடுத்த ஆண்டே, அதே மைதானத்தில், அதே கோப்பையை அவர் கெலித்தார்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் பால்டஸ்ரால் என்று ஒரு மைதானம். அங்கத்தினர் ஆடும்போது அதன் முதல் குழியும் ஐந்து, கடைசிக் குழியும் ஐந்து. பெரிய பந்தயம் வந்தால் முதல் குழியை நாலாக்கிவிடுவார்கள். 2016-ல் அங்கே பி.ஜி.ஏ. பந்தயம். ஆஸ்திரேலியர் ஜேசன் டே கடைசிக் குழியை மூன்றே அடியில் முடித்தார். கழுகு! முன்னால் இருந்த ஜிம்மி வாக்கருக்கு ஓர் அடிதான் மிச்ச லாபம். பின்னாலேயே வந்த வாக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தில் முடித்து, அந்த ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார்.

"கடைசிக் குழி கஷ்டமான நாலடியாகத்தான் இருக்க வேண்டும், அதுதான் வீரனுக்குச் சோதனை" என்று சிலர் வாதிப்பார்கள். 1999-ல் ஸ்காட்லாந்தில் கார்னூஸ்டி மைதானத்தில் அப்படிப்பட்ட ஒரு நாலடிக் குழியில் பிரெஞ்சுக்காரர் வான் டி வெல்டே நின்றார். ஆறில் முடித்தால்கூட வெற்றி. பந்து ஓடைத் தண்ணீரில் போய் விழுந்தது. காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினார் பாவம்! ஏழு அடி. கையில் இருந்த கோப்பை போயிற்று. பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அதிலும் ருசி உண்டுதான். ஆனால் அது, முன்னால் இருந்தவன் விழுவதைப் பார்க்கிற ருசி. பின்னால் இருப்பவன் எழுவதைப் பார்க்கிற ருசி வேறு.

வாசலில் யார் நிற்பது?

தவறினவனுக்கு முதலில் இடம். பின்தங்கினவனுக்குக் கடைசியில் வாய்ப்பு. மைதானம் இவ்வளவு இரக்கத்தோடு வகுக்கப்பட்டிருக்கிறது. மைதானத்தின் வாசல்?

ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கி வருகிறவருக்கு ஆங்கிலத்தில் "கேடி" என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு! ஆனால் இந்தக் கேடிகள் உழைப்பாளிகள். வெயிலில் பதினெட்டுக் குழியும் நடப்பார்கள். காற்று எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று முதலாளிக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்களே.

டில்லி மைதானத்தில் அப்படிப் பை தூக்கியவர்தான் அலி ஷேர். இந்தியன் ஓப்பன் 1964-ல் தொடங்கியது. 1991 வரை இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரும் அதைக் கெலிக்கவில்லை. அந்த ஆண்டு, டில்லியில், அலி ஷேர் கெலித்தார்! 1993-ல் மறுபடியும் கெலித்தார். சௌராசியா யார்? கல்கத்தா கிளப்பில் புல்லைப் பராமரித்தவரின் மகன். தகப்பனார் வெட்டிய புல்லில் ஆடிப் பழகிய பையன், 2008-ல் டில்லியில் ஐரோப்பியப் பந்தயத்தையே வென்றார்.

இதற்கு மாறான காட்சியும் அதே டில்லியில் நடந்தது. 2017-ல் மேகாலயாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி, தன் எஜமானியோடு விருந்தினராக டில்லி கிளப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தம் ஊர் உடை உடுத்தியிருந்தார். அது வேலைக்காரி உடை போல இருக்கிறது என்று சொல்லி அவரை எழுந்து போகச் சொன்னார்கள்! நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று கிளப்பும் ஒப்புக்கொண்டது. முதல் குழியில் ஐந்து அடி கொடுக்கிற இடத்தில், சாப்பாட்டு மேஜையில் ஓர் அடிகூடக் கொடுக்கவில்லை.

அன்னூருக்கு இதில் என்ன?

அன்னூர் வானம் பார்த்த பூமி. அங்கே தண்ணீர் என்றால் உயிர். அத்திக்கடவு - அவினாசித் திட்டத்துக்காக ஜனங்கள் சுமார் அறுபது ஆண்டு குரல் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரித் தண்ணீரைக் குழாய் வழியே ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம் அது.

நிலமும் அங்கே லேசான பொருள் அல்ல. 2022-ல் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டாரங்களில் தொழிற்பூங்காவுக்காக 3,800 ஏக்கருக்கு மேல் எடுக்கத் திட்டம் வந்தது. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். விவசாயிகள் விரும்பாமல் அவர்கள் நிலம் எடுக்கப்படாது என்று சர்க்கார் சொன்ன பிறகே அமைதி திரும்பியது.

இந்த வட்டாரத்தில் நாளைக்கு யாராவது பங்களாக்களோடு கோல்ப் மைதானம் போடுகிறோம் என்று வந்தால், "முதல் குழி ஐந்தா, நாலா?" என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன. புல்லுக்கு ஊற்றுவது எந்தத் தண்ணீர்? ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் கூடவே கூடாது. பக்கத்துத் தோட்டக் கிணறு வற்றிவிடும். நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து புல்லுக்குப் பாய்ச்ச முடியும். பல ஊர்களில் பாய்ச்சுகிறார்கள். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். விளைநிலத்தைத் தொடக் கூடாது. ஊர்ப் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில மணி நேரமாவது மட்டை கொடுத்துச் சொல்லித்தர வேண்டும். பை தூக்க மட்டும் அவர்களைக் கூப்பிடுவது போதாது.

இது நடவாத காரியம் அல்ல. டில்லியிலேயே குதுப் மினார் பக்கம் நகர வளர்ச்சிக் குழுமத்தின் பொது மைதானம் ஒன்று இருக்கிறது. அங்கத்தினர் சீட்டுத் தேவையில்லை. பணம் கட்டுகிற எவரும் ஆடலாம். ஸ்காட்லாந்தில் ஆட்டத்தின் தாய்வீடு என்று சொல்லப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானமோ பொதுச்சொத்து. 1764-ல் அங்கேதான் ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழி என்ற வழக்கம் ஏற்பட்டது. உலகமெங்கும் இருந்து ஆட்டக்காரர்கள் அங்கே ஆடக் காத்துக்கிடக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. அன்று ஊர் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடும் நாய்களோடும் அந்தப் புல்லில் உலாவுகிறார்கள்.