யூசுஃபைத் தெரியும்... பக்கத்தில் நின்ற ஷெவ்வாலைத் தெரியுமா?

வெள்ளை டி-ஷர்ட், சாதாரணக் கண்ணாடி, வலது கையில் பிஸ்டல், இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் என்றதும் உங்கள் மனசுக்குள் வந்துபோகும் நாலைந்து படங்களில் இதுவும் ஒன்றாக இருக்கும். துருக்கியின் யூசுஃப் டிகெச். அப்போது வயது 51. 'டீ குடிக்கப் போற வழியில அப்படியே ஒரு மெடலை வாங்கிட்டுப் போன அங்கிள்' என்ற ரேஞ்சுக்கு மீம் பறந்தது. நாமும் ஸ்டேட்டஸ் வைத்தோம், ஃபார்வர்டு செய்தோம்.

சரி, ஒரு சின்னக் கேள்வி. அந்த வெள்ளிப் பதக்கத்தை அவர் தனியாக வாங்கவில்லை, தெரியுமா?

அது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டி. ஓர் ஆண், ஒரு பெண். அந்தப் பெண்ணின் பெயர் ஷெவ்வால் இலாய்தா தர்ஹான். அப்போது வயது 24. அவரும் ஒரு கையை பாக்கெட்டில் விட்டபடிதான் சுட்டார். காதில் பெரிய ஹெட்போன் மாதிரி ஒலித்தடுப்பான். துருக்கி ஒலிம்பிக்ஸ் துப்பாக்கி சுடுதலில் வாங்கிய முதல் பதக்கம் அது. அதில் சரிபாதி ஷெவ்வாலுடையது.

பாதி என்றால் நிஜமாகவே பாதி!

இந்தப் போட்டியின் விதிமுறையைக் கேட்டால் உங்களுக்கே புரிந்துவிடும். தகுதிச்சுற்றில் ஆளுக்கு 30 ஷாட். இருவரின் புள்ளிகளையும் கூட்டினால் அதிகபட்சம் 600. ஷெவ்வாலும் யூசுஃபும் சேர்ந்து எடுத்தது 582. அன்றைக்கு அதுதான் முதலிடம்.

ஃபைனலில் இன்னும் டென்ஷன். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரே ஒரு ஷாட். இருவரின் ஸ்கோரையும் கூட்டி, எந்த அணி அதிகமோ அதற்கு 2 பாயின்ட். சமம் என்றால் ஆளுக்கு 1. முதலில் 16-ஐத் தொடுபவர்களுக்குத் தங்கம். 2024 ஜூலை 30 அன்று செர்பியாவின் ஸோரானா அருனோவிச் - தமிர் மிகெச் ஜோடியிடம் துருக்கி 14-16 என்று தோற்றது. வித்தியாசம் வெறும் 2 பாயின்ட், அதாவது ஒரே ஒரு சுற்றின் மதிப்பு.

இலக்கின் நடுவில் இருக்கும் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். உங்கள் சட்டை பட்டன் சைஸ்தான் இருக்கும். அதை 10 மீட்டர் தள்ளி நின்று, ஒற்றைக் கையால் அடிக்க வேண்டும். பார்ட்னர் எவ்வளவு பிரமாதமாகச் சுட்டாலும், நீங்கள் கொஞ்சம் சொதப்பினால் அந்தச் சுற்று கையைவிட்டுப் போய்விடும். இங்கே 'துணை நடிகர்' என்று யாருமே கிடையாது.

பாக்கெட்டுக்குள் கைவிடுவது கெத்து காட்டவும் அல்ல. விதிப்படி ஒரு கையால்தான் சுட வேண்டும். சும்மா இருக்கும் இன்னொரு கை ஆடினால் உடம்பும் ஆடும். அதனால்தான் பலரும் அதை பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். யூசுஃப் 'சும்மா வந்த அங்கிள்' என்பதும் கற்பனைதான். முன்னாள் ராணுவ போலீஸ்காரரான அவருக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக்ஸ்!

அப்புறம் எப்படி ஷெவ்வால் காணாமல்போனார்?

'பெண் என்பதால்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால், விஷயம் அவ்வளவு சிம்பிள் இல்லை.

அதே ஒலிம்பிக்ஸில் தென் கொரியாவின் கிம் யே-ஜி செம வைரல். சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தில் வருகிற மாதிரி கண்ணாடி, துளிகூட மாறாத முகம். அவர் பெண்தான். இன்னொரு பக்கம், ஷெவ்வால் வெள்ளி வென்ற அதே போட்டியில் வெண்கலம் வாங்கியது நம் மனு பாக்கர் - சரப்ஜோத் சிங் ஜோடி. கொரியாவை 16-10 என்று வீழ்த்தினார்கள். அந்த வாரம் ஊர் முழுக்க மனு பேச்சுதான். ஏற்கெனவே தனிநபர் பிரிவிலும் வெண்கலம் வாங்கியிருந்தார், நியாயம்தான். ஆனால், சரப்ஜோத்தின் முகத்தை இன்றைக்கு ரோட்டில் பார்த்தால் நம்மில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

ஆக, இங்கே முதல் வில்லன் நம் போன்தான். நெடுக்குவாட்டில் இருக்கும் அந்த ஸ்கிரீனில் ஒரு ஆள் கச்சிதமாக அடங்குவார். பக்கத்தில் நிற்கும் இரண்டாவது ஆளை க்ராப் செய்தால்தான் படம் 'நச்' என்று இருக்கும். மீமுக்கும் ஒரு ஹீரோ போதும். 'கருவி எதுவும் இல்லாமல் வந்த தனி ஒருவன்' என்ற கதைக்குள் 24 வயதுப் பெண்ணுக்கு இடமே இல்லை. அவரை வைத்தால் கதையே மாறிவிடும்.

அந்தப் படம் மறைத்த பெரிய கணக்கு

ஆனால், பெண் என்கிற கோணத்தை அப்படியே விட்டுவிடவும் முடியாது. பாரிஸில் துருக்கி வாங்கியது மொத்தம் 8 பதக்கங்கள். தங்கம் இல்லை. 3 வெள்ளி, 5 வெண்கலம். இதில் ஆண்கள் மட்டும் வென்றவை 2. ஒன்று ஷெவ்வால் - யூசுஃப் ஜோடியுடையது. மீதி 5-ம் பெண்கள் வாங்கியவை! குத்துச்சண்டையில் மட்டும் மூன்று. ஹாதிஜே அக்பாஷ், புஸே நாஸ் சாகிரோலு இருவருக்கும் வெள்ளி. மல்யுத்தத்திலும் டேக்வாண்டோவிலும் தலா ஒரு வெண்கலம்.

அதாவது, 8-ல் 6 பதக்கங்களில் பெண்களின் கை இருக்கிறது. ஆனால், 'பாரிஸில் துருக்கி' என்றால் உலகத்துக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு ஆணின் முகம். யூசுஃப் மேல் தப்பே இல்லை. அவர் சுட வந்தார், சுட்டார். கதையை எடிட் செய்தது நாம்தான்.

சரி, இதனால் என்ன பாஸ்?

துப்பாக்கி சுடுதல் கிரிக்கெட் மாதிரி தினமும் டி.வி-யில் வருகிற ஆட்டம் இல்லை. நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் உலகமே திரும்பிப் பார்க்கும். கொஞ்ச நாள்தான் அந்த வெளிச்சம். அதற்குள் பெயர் பதிந்தால் ஸ்பான்சர் வருவார், விளம்பரம் வரும், அடுத்த நாலு வருஷப் பயிற்சிச் செலவுக்கு வழி பிறக்கும். யூசுஃபின் போஸை, போல் வால்ட்டில் 6.25 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்த டுப்ளான்டிஸே செய்து காட்டினார். அந்த போஸுக்கு டிரேட்மார்க் கேட்டு யூசுஃப் தரப்பு விண்ணப்பித்ததாகவும் செய்தி வந்தது. புகழுக்கு ரேட் உண்டு. ஃப்ரேமுக்கு வெளியே நிற்பவருக்கு அந்த ரேட் கிடைக்காது.

இன்னொன்று. ஷெவ்வால் அதே பாரிஸில் பெண்கள் தனிநபர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஃபைனலுக்கும் போனார். மனு வெண்கலம் வென்ற அதே ஃபைனல்தான். அந்த எட்டுப் பேரில் ஒருவராக ஷெவ்வாலும் அங்கே நின்றார். நாம் மனுவுக்காகக் கண் கொட்டாமல் பார்த்த அந்த லைவ்விலேயே அவர் இருந்தார். நமக்குத்தான் தெரியவில்லை.

பதக்கப் பட்டியலில் அந்த வெள்ளிக்கு நேராக இன்றும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. அடுத்த முறை கலப்பு அணி மேட்ச் ஏதாவது உங்கள் டைம்லைனில் வந்தால், ஷேர் பட்டனைத் தட்டும் முன் ஸ்கோர்போர்டில் அந்த இரண்டாவது பெயரையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ரெண்டு செகண்ட்தான் ஆகும்.