கைதட்டினோம், மார்க் போடவில்லை

பாடிபில்டிங்கில் கிளாசிக் ஃபிசிக் என்ற பிரிவை ஐஎஃப்பிபி தொழில்முறை அமைப்பு 2016ல் கொண்டுவந்தது. அதே வருஷமே அதற்கு, பாடிபில்டிங்கின் உச்சப் போட்டியான ஒலிம்பியா மேடையில் இடம் கிடைத்துவிட்டது. சக்கர நாற்காலியில் போட்டியிடும் பாடிபில்டர்களுக்கு 2011லேயே தொழில்முறைப் பிரிவு வந்தது. ஆனால் அவர்களுக்கு ஒலிம்பியா மேடை கிடைத்தது 2018ல்தான். இடையிலிருந்த ஏழு வருஷமும் நாம் ஒலிம்பியாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். யாருக்கு வயிறு தள்ளிவிட்டது, யாருடைய முதுகில் கட்ஸ் போதவில்லை என்று விடிய விடிய அலசினோம். ஒரு பிரிவே வெளியில் காத்திருக்கிறதே என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

நாம் என்றால் ஆணழகன் போட்டி நடத்துகிறவர்கள், நடுவர் மேசையில் உட்காருகிறவர்கள், ஜிம் மாஸ்டர்கள், இந்த விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள். மனித உடம்பை உழைப்பால் செதுக்கலாம் என்று நம்புகிற கூட்டம். அந்த நம்பிக்கைக்கு மிகக் கடினமான சாட்சியாக இருப்பவர்களைத்தான் நாம் பார்க்காமல் விட்டோம்.

2011ல் வந்த அந்தப் பிரிவு தானாக வந்துவிடவில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த நிக் ஸ்காட் 1998ல், தன் 16 வயதில், கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். எடைப் பயிற்சியில் இறங்கி, மேடையேறி, தன்னைப் போன்றவர்களைத் திரட்டி, தொழில்முறைப் பிரிவு வேண்டும் என்று வருஷக்கணக்கில் பிரசாரம் செய்தார். அவர்கள் கேட்டது தொழில்முறையில் போட்டியிட அனுமதிக்கும் புரோ கார்டு. அது கையில் இருந்தால்தான் பரிசுப் பணம் உண்டு, ஸ்பான்சர் பேச வருவார், தரவரிசையில் பெயர் ஏறும், தோற்றாலும் யாரிடம் தோற்றோம் என்பதற்குப் பதிவு இருக்கும். 2011ல் ஹூஸ்டனில் முதல் தொழில்முறைப் போட்டி நடந்தது. பிறகு ஒலிம்பியா வந்ததும், டெக்சாஸ்காரர் ஹாரல்ட் கெல்லி 2018 முதல் 2022 வரை ஐந்து முறை தொடர்ந்து பட்டம் வென்றார். நின்று போட்டியிடும் ஒருவர் இப்படித் தொடர்ந்து ஜெயித்திருந்தால் அவருடைய காலைச் சாப்பாடு வரைக்கும் நம் பையன்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். கெல்லியின் பெயரை நம் ஜிம்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

லூதியானாவைச் சேர்ந்த ஆனந்த் அர்னால்டு விஷயத்திலாவது ஒழுங்காக இருந்தோமா என்றால் அதுவும் இல்லை. 15 வயதில் தண்டுவடப் புற்றுநோய், அதன்பின் சக்கர நாற்காலி, அங்கிருந்து அமெரிக்கத் தொழில்முறை மேடை. அவருடைய வீடியோவைச் சோக இசை சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ‘கால் இருந்தும் சோம்பேறியாக இருக்கிறாயே’ என்று ஜிம் பையன்களைத் திட்டுவதற்கு அவரைப் பயன்படுத்திக்கொண்டோம். அவர் முதுகின் அகலம் எப்படி, டிரைசெப்ஸில் பிரிவு எப்படி என்று ஒரு வரி எழுதவில்லை. ஒரு பாடிபில்டருக்குச் செய்ய வேண்டிய முதல் மரியாதை அதுதான்.

அந்த உடம்பு எப்படி உருவாகிறது என்பதும் நமக்குத் தெரியாது. நெஞ்சு மட்டத்தில் முதுகுத்தண்டு முறிந்தவருக்கு வயிற்றுத் தசையும் இடுப்பைத் தாங்கும் தசைகளும் சொன்னபடி கேட்காது. டபுள் பைசெப்ஸ் போஸுக்கு இரண்டு கையையும் ஒரேசமயத்தில் தூக்கினால் உடம்பு முன்னால் கவிழப் பார்க்கும். நிற்கிறவர் பாதத்தை ஊன்றிப் பிடிக்கும் சமநிலையை இவர் தோளையும் முதுகையும் வைத்தே பிடிக்க வேண்டும். அதே தோளையும் முதுகையும் விரித்து நடுவருக்குக் காட்டவும் வேண்டும். பின்பக்க போஸுக்குச் சக்கரத்தைத் திருப்பி, பிரேக் போட்டு, தாழ்ந்த சாய்மானத்துக்கு மேலே முதுகை எழுப்ப வேண்டும். மார்க் எல்லாம் மேலுடம்புக்குத்தான். ஆகவே முதுகில் விட்டதைத் தொடையில் பிடித்துவிடலாம் என்ற கணக்கு இங்கே கிடையாது.

இவருடைய தோள்பட்டைக்கு ஓய்வு நாள் என்பதே இல்லை. நமக்கு ஷோல்டர் பிடித்துக்கொண்டால் ஒரு வாரம் லெக் டே போட்டு ஓட்டிவிடுவோம். அவர் சக்கரம் தள்ளுவதும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும் அந்தத் தோளால்தான். அது போனால் குளியலறைக்குப் போவதே நின்றுவிடும். அந்தத் தோளில்தான் அவர் எடை ஏற்றுகிறார்.

டயட் இன்னும் ஆபத்தானது. காலின் பெரிய தசைகள் வேலை செய்யாததால் உடம்பு எரிக்கும் கலோரி குறைவு. நம்மைவிடக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டே தசையைக் காப்பாற்ற வேண்டும். போட்டி நெருங்கி, கொழுப்பு கரையக் கரைய, உட்காரும் எலும்பின் மேலிருந்த சதைப்பற்றும் போய்விடும். அந்த இடத்தில் உணர்ச்சி இல்லாததால் தோல் நைவது தெரியாது. ஒரு அழுத்தப்புண் வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டியதுதான். கடைசி வாரத்தில் நம் பையன்கள் தண்ணீரைக் குறைப்பதே கெடுதல். சிறுநீர் வெளியேறக் கதீட்டர் பயன்படுத்துகிறவர் அதைச் செய்தால் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வரக் காத்திருக்கும். இவருக்கு எப்படி டயட் எழுதுவது என்று நம் மாஸ்டர்களில் யாரும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்க வேண்டிய அவசியமே வராதபடி நம் ஜிம்களை மொபைல் கடைக்கு மேலே, பேக்கரிக்கு மேலே, செங்குத்தான படிக்கட்டின் உச்சியில் வைத்திருக்கிறோம்.

இதையும் தாண்டி யாராவது வந்துவிட்டால் என்ன செய்தோம்? ஒரு மாவட்டப் போட்டியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சாய்தளம் கிடையாது. நான்கு பேர் நாற்காலியோடு ஒரு இளைஞரைத் தூக்கி மேடையேற்றினார்கள். தூக்கியவர்களின் கை பட்டு அவர் பூசியிருந்த டான் நிறப்பூச்சு இரண்டு புஜத்திலும் திட்டுத் திட்டாக அழிந்துபோனது. மேடையேறும் முன் தசையைப் புடைக்க வைக்கும் பம்ப் எடுக்கத் தனியாக ஒரு டம்ப்பெல்கூட யாரும் கொடுக்கவில்லை. மைக் பிடித்தவர் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. நடுவர்கள் அந்த நேரத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே இறங்கியதும் அவர் ஒரு நடுவரிடம் கேட்டார்: “அண்ணே, எதுல குறையா இருந்தேன்னு சொல்லுங்கண்ணே. அடுத்த தடவ சரி பண்ணிட்டு வர்றேன்.” அவருக்குச் சொல்ல அந்த நடுவரிடம் எதுவும் இல்லை. பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு.

எண்ணிக்கை இல்லையே, மூன்று பேருக்காக ஒரு பிரிவா என்று பாடிபில்டிங் சங்கக் கூட்டங்களில் சொல்வோம். படிக்கட்டை நாமே கட்டிவிட்டு, ஏறி வந்தவர்களை எண்ணுகிறோம். போலியோ வந்தவரும் தண்டுவடம் முறிந்தவரும் காலை இழந்தவரும் ஒரே வரிசையில் எப்படி என்றும் கேட்போம். நல்ல கேள்வி, பதில் தேட வேண்டிய கேள்வி. போலியோ வந்தவர்களில் பலருக்கு வயிற்றுத் தசை வேலை செய்யும். அது பெரிய வித்தியாசம். ஆனால் பதில் தேடுவதற்காக நாம் இதைக் கேட்டதில்லை. பேச்சை முடிப்பதற்காகக் கேட்டோம்.

நம் மனசில் இருந்தது என்ன என்பதற்கு ஒரு சினிமாவே சாட்சி. 2015ல் ‘ஐ’ படம் வந்தபோது பூரித்துப்போனோம். சாதாரண ஜிம் பையன் மிஸ்டர் தமிழ்நாடு ஆகிறான், நம் உலகம் பெரிய திரைக்கு வந்துவிட்டது என்று. அதே படத்தில் கெட்டவர்களுக்குக் கிடைக்கும் தண்டனை உடல் சிதைவு. அவர்கள் ஒவ்வொருவராக உருக்குலைந்து கிடப்பதைக் காட்டும்போது தியேட்டரில் கைதட்டல் எழுந்தது. கட்டான உடம்பு பரிசு, குறைபட்ட உடம்பு தண்டனை என்று சொல்லும் கதை நமக்கு உறுத்தவில்லை. நமக்குள்ளும் அந்த எண்ணம்தான் இருந்தது.

மார்க் போடாமல் விட்டதன் விலை வெறும் மனவருத்தம் அல்ல, வேலை. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் பாடிபில்டிங் இருக்கிறது. 2020ல் அந்தப் பட்டியலை 43லிருந்து 63 விளையாட்டுகளாக விரித்தபோது பாரா விளையாட்டுகளையும் சேர்த்தார்கள். ஆனால் பாராலிம்பிக்கிலும் பாரா ஆசியப் போட்டியிலும் உள்ளவற்றை மட்டும். பாராலிம்பிக்கில் வலுதூக்குதல் உண்டு, பாடிபில்டிங் கிடையாது. ஆக, சக்கர நாற்காலி பாடிபில்டருக்குப் பாரா கதவு மூடியிருக்கிறது. பாடிபில்டிங் என்ற பொதுக் கதவு வழியாகப் போக வேண்டுமானால் சங்கம் நடத்திய போட்டியில் எத்தனையாவது இடம் என்ற சான்றிதழ் வேண்டும். நாம் கொடுப்பது ‘சிறப்பு அழைப்பாளர்’ என்று அச்சடித்த ஒரு தாள். மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் முழுமையாகப் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி அரசிடம் கேட்டிருக்க வேண்டிய சங்கங்கள் நம்முடையவை.

அடுத்த சீசனுக்கான விண்ணப்பப் படிவம் அச்சாகும் முன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. படிவத்தில் சக்கர நாற்காலிப் பிரிவுக்கு ஒரு கட்டம் வேண்டும். மேடைக்குப் பின்னால் சாய்தளமும், தரைத்தளத்தில் பம்ப் அறையும் வேண்டும். மேலுடம்பு போஸ்களும் மதிப்பிடும் முறையும் அமெரிக்கப் போட்டிகளில் பல வருஷமாக நடைமுறையில் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் எழுதி நடுவர் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம். மூன்று பேர் வந்தாலும் மூன்று பேருக்கும் மார்க் போட்டு, முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று அறிவித்து, மார்க் தாளின் நகலை அவர்கள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.