நூறு போட்டால் பைக் பறக்குமா? கனகசெட்டிக்குளத்தில் ஒரு ஆக்டேன் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியும் முன்பே சென்னையிலிருந்து கிளம்பிவிடுகிறார்கள் ஈசிஆர் ரைடர்கள். மரக்காணம் தாண்டி, உப்பளங்களைத் தாண்டி வரும் பைக்குகளுக்குப் புதுச்சேரியின் வடக்கு வாசல் கனகசெட்டிக்குளம். இங்கே எல்லை தாண்டியதும் முதல் வேலை, டேங்கை நிரப்புவது. காரணம் எல்லோருக்கும் தெரியும். 2025 ஜனவரியில் புதுச்சேரி அரசு வாட் வரியை ஏற்றிய பிறகும், தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு மட்டும் பெட்ரோல் பில்லில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

டேங்க் மூடியைத் திறந்ததும் அடுத்த கேள்வி வரும். "சாதாவா, பிரீமியமா அண்ணே?"

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பின்னால் ஸ்கூட்டரில் நிற்கும் அப்பா "சாதாவே போதும்டா, எல்லாம் ஒண்ணுதான்" என்பார். பைக்கில் இருக்கும் மகன் "அப்பா, இது பெர்ஃபார்மன்ஸ் பைக்குப்பா, நல்ல பெட்ரோல் போட்டாத்தான் இழுக்கும்" என்பான். வரியில் மிச்சமான அஞ்சு ரூபாய் பிரீமியத்தில் போய்விடும். இருவர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தப்பு.

முதலில் மகன் சொல்வதைப் பார்ப்போம். ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலின் சக்தி கூடும் என்பது பெரிய தப்பபிப்பிராயம். ஒரு லிட்டர் 91 ஆக்டேன் பெட்ரோலிலும் ஒரு லிட்டர் 100 ஆக்டேன் பெட்ரோலிலும் இருக்கும் வெப்ப சக்தியில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆக்டேன் சொல்வது பெட்ரோலின் பொறுமையை. எவ்வளவு அழுத்தினாலும், எவ்வளவு சூடாக்கினாலும், ஸ்பார்க் பிளக் பொறி தட்டும் வரை பற்றிக்கொள்ளாமல் காத்திருக்கும் குணம் அது.

இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் நெருக்கி அமுக்குகிறது. பிளக் பொறி தட்டியதும் ஒரு மூலையில் தொடங்கும் நெருப்பு சீராகப் பரவ வேண்டும். அப்படிப் பரவும்போது உள்ளே அழுத்தமும் சூடும் ஏறுகின்றன. நெருப்பு இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் கலவைக்குப் பொறுமை இல்லை என்றால், தானாகவே பட்டென்று வெடித்துவிடும். அதுதான் 'நாக்கிங்'. மெக்கானிக்குகள் 'இன்ஜின் அடிக்குது' என்பது இதைத்தான். டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். எப்போதாவது லேசாகக் கேட்டால் பயமில்லை. தொடர்ந்து அடித்தால் பிஸ்டனின் தலை அரிக்கும், ரிங் உடையும், மோசமான நிலையில் பிஸ்டனில் ஓட்டையே விழும்.

ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, சீக்கிரமே பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளப்பதுதான் ஆக்டேன் எண். 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை சோதனை இன்ஜினில் எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படி நடந்துகொள்ளும் பெட்ரோல்.

இந்த நாக்கிங் தொல்லைக்கு உலகம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. 1921-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயம் சேர்த்தால் நாக்கிங் அடங்குவதைக் கண்டுபிடித்தார். அடுத்த பல பத்தாண்டுகள் உலகமே ஈயப்புகையைச் சுவாசித்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் விஷம் அது. இந்தியா முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் மட்டுமே என்று ஆனது 2000 பிப்ரவரியில்தான். கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல்.

உங்கள் வண்டிக்கு எது?

இன்ஜின் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதே கம்ப்ரஷன் ரேஷியோ. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் இது 6.5 அளவில்தான். அதற்கு 100 ஆக்டேன் ஊற்றுவது, கஞ்சி குடிக்கிறவருக்குப் பாதாம் அல்வா கொடுக்கிற கதை. இன்றைய கிளாசிக் 350, இன்டர்செப்டர் 650 இரண்டிலும் 9.5. யமஹா ஆர்15 வி4-ல் 11.6. கேடிஎம் 390 டியூக்கில் 12-க்கு மேல். சுஸுகி ஹயபுசாவில் 12.5. எண் ஏற ஏற, பொறுமையான பெட்ரோலின் தேவையும் ஏறும். டர்போ வைத்த கார்களுக்கும் அதே கதைதான். அங்கே காற்றை டர்போவே முன்கூட்டி அமுக்கி அனுப்புகிறது.

ஆனால் கம்ப்ரஷனை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கூலிங், இன்ஜின் வடிவம், இக்னிஷன் டைமிங் எல்லாம் சேர்ந்துதான் தேவையை முடிவு செய்கின்றன. அதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் கம்பெனி மேனுவலில் ஒரு எண்ணை அச்சடித்திருக்கிறது. கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலேயே பெரும்பாலும் ஒட்டியிருக்கும். 'குறைந்தபட்சம் 91' என்று இருந்தால் 91 போதும். '95' என்று இருந்தால் 95. அதற்கு மேல் போடுவது பெரும்பாலும் மனத் திருப்திக்குத்தான்.

யமஹா ஆர்எக்ஸ் 100-ஐப் பொக்கிஷமாக வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 100, இன்ஜினின் சிசி. அதற்கும் எக்ஸ்பி 100-க்கும் எந்தச் சொந்தமும் கிடையாது.

இணையத்தில் அமெரிக்க வீடியோக்களைப் பார்ப்பவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். அங்கே பங்கில் எழுதியிருக்கும் எண், ரிசர்ச் ஆக்டேன், மோட்டார் ஆக்டேன் என்ற இரண்டு அளவுகளின் சராசரி. நம் ஊரில் எழுதுவது ரிசர்ச் ஆக்டேன் மட்டும். அதனால் அமெரிக்காவின் 87, கிட்டத்தட்ட நம் 91. அமெரிக்காக்காரர் "91 போடு" என்றால், நம் கணக்கில் 95-க்கும் மேல். ஒரே எண்ணைப் பார்த்து ஏமாந்துபோய், பாவம், பைக்கைத் திட்டுகிறார்கள்.

இனி அப்பா பக்கம். சாதா பெட்ரோலே போதும் என்ற அவருடைய வாதத்துக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்திருக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108 அளவில். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 வந்த பிறகு, சாதா பெட்ரோலின் ஆக்டேன் 91-லிருந்து 95-க்கு உயர்ந்திருக்கிறது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. அதாவது, நேற்றுவரை கூடுதல் காசு கொடுத்து வாங்கிய பொறுமை, இன்று சாதாவிலேயே பெருமளவு வந்துவிட்டது.

அதற்காக அப்பா ஜெயித்துவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. எத்தனாலில் லிட்டருக்குச் சக்தி குறைவு, பெட்ரோலில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். இ10-க்கு டியூன் செய்த பழைய இருசக்கர வண்டிகளில் இ20 ஊற்றினால் 3 முதல் 4 சதவிகிதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் ரப்பர் குழாய்கள், சீல்களையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக்டேன் கூடியதால் மைலேஜும் கூடும் என்று எதிர்பார்த்தவர்கள் கைவிரிப்பது இதனால்தான்.

மேனுவலில் 95 என்று கண்டிப்பாகச் சொல்லும் வண்டி என்றால், எண்ணை எழுதி விற்கும் பெட்ரோலே பத்திரம். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 95, ஹெச்பியின் பவர் 95, பவர் 99, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு 97 எல்லாம் இந்த வகை. பெயரை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். சில பிரீமியம் பெயர்கள், இன்ஜினுக்குள் கரி சேராமல் தடுக்கும் சேர்மானத்தை மட்டுமே குறிக்கும். எண் எங்கே என்று கேளுங்கள்.

எக்ஸ்பி 100 வேறு உலகம். 2020 டிசம்பர் 1-ல் பத்து நகரங்களில் அறிமுகமானது. முதல் பட்டியலில் தென்னிந்திய நகரம் ஒன்றுகூட இல்லை. மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது. விலை லிட்டருக்கு 160 ரூபாய் அளவில். சாதாவைவிட 60 ரூபாய் கூடுதல் என்று வைத்தாலே, 13 லிட்டர் டேங்குக்கு 780 ரூபாய் அதிகம். மேனுவல் கேட்காத பைக்குக்கு இந்தக் காசு, நல்ல இன்ஜின் ஆயிலாகவோ டயராகவோ மாறினால் அதிகம் பலன் தரும்.

ரீமேப் செய்தவர்களுக்கு மட்டும் வேறு கதை

ஈசியூவை ரீமேப் செய்து, 97-க்கோ 100-க்கோ டைமிங்கை முன்னே தள்ளி வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் விருப்பமல்ல, கட்டாயம். கார்களில் பெரும்பாலும் நாக் சென்சார் இருக்கும். அடிப்பதைக் கேட்டதும் டைமிங்கைப் பின்னே இழுத்துவிடும். பவர் கொஞ்சம் குறையும், இன்ஜின் பிழைக்கும். பல பைக்குகளில் இந்தச் சென்சார் கிடையாது. ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தத்தில், மாற்று சைலன்ஸர் அலறலில், நாக்கிங் சத்தம் காதிலும் விழாது. மே மாத வெயில், பின்னால் ஆள், ஆறாவது கியரில் குறைந்த வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகி ஓவர்டேக். நாக்கிங்குக்கு இதைவிடத் தோதான சூழல் இல்லை.

வழியில் உயர் ஆக்டேன் கிடைக்காமல் சாதா போட நேர்ந்தால், அந்த டேங்க் தீரும்வரை கியரை இறக்கியே ஓட்ட வேண்டும், முழு ஆக்சிலரேட்டர் கூடாது. அடுத்த பங்கில் 97 கிடைத்தால் அதோடு கலக்கலாம், தப்பில்லை. பாதிக்குப் பாதி கலந்தால் ஆக்டேன் ஏறக்குறைய நடுவில் வந்து நிற்கும். ரீமேப் செய்யும் கடையிலேயே "சாதா பெட்ரோலுக்கு ஒரு மேப் தனியா கொடுங்க" என்று கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

எந்த எண் எழுதியிருந்தாலும், கலப்படம் நடந்தால் எல்லாம் வீண். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் சரசரவென்று இறங்கும். இதைத் தட்டிக் கேட்டதற்காக உயிரையே கொடுத்தவர் இருக்கிறார். இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் கலப்படப் பங்குகள் மீது நடவடிக்கை எடுத்ததற்காக 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். லக்னோ ஐஐஎம்மில் படித்த இளைஞர்.

எந்தப் பங்கிலும் ஃபில்டர் பேப்பர் கேட்டுச் சோதிக்கலாம். ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். அடர்த்தியைப் பார்க்க ஹைட்ரோமீட்டர், அளவைப் பார்க்க 5 லிட்டர் குவளை, இரண்டையும் கேட்கலாம். கேட்டால் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. ஆனால் ஒன்று, ஆக்டேனை இந்தச் சோதனைகள் எதுவும் காட்டாது. அதற்கு ஆய்வகம்தான். பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு மழைக்காலத்தில் கூடுதல் கவலை ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மாதிரியான நாட்களில், தெருவில் நிற்கும் வண்டிகளின் டேங்குக்குள் தண்ணீர் இறங்கிவிடலாம். எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் தனிப் பாசம். இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோல், எத்தனாலை இழந்து ஆக்டேனும் குறைந்து நிற்கும். பம்ப் முதலில் இழுப்பதோ அடியில் இருக்கும் தண்ணீர்க் கலவையை. அப்படிச் சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காமல், டேங்கைக் காலி செய்துவிட்டுப் புதுசாக நிரப்ப வேண்டும்.

பங்கில் நிற்கும் அப்பாவும் மகனும் இன்னும் பேசி முடிக்கவில்லை. பின்னால் வரிசை நீள்கிறது. மகன் போனை எடுத்து, கம்பெனி இணையதளத்தில் மேனுவலைத் திறந்து பெட்ரோல் பக்கத்தைத் தேடுகிறான். "என்னடா போட்டிருக்கு?" என்று எட்டிப் பார்க்கிறார் அப்பா. "குறைந்தபட்சம் 91-னு போட்டிருக்குப்பா." அவர் பதில் பேசவில்லை. பங்க் பையனைப் பார்த்து, "ரெண்டு வண்டிக்கும் சாதாவே போடு தம்பி" என்கிறார்.