கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளை இருக்கிறதா?

கடைக்கு ஒரு கேமரா வேண்டுமா என்று கேட்டால் நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டுவார்கள். நியாயம்தான். விலைப்பட்டியல் அனுப்பவும், புதுச் சரக்கு வந்ததை வாடிக்கையாளருக்குக் காட்டவும் அது போதும். அதற்கென்று தனியாகப் பணத்தை முடக்குங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை.

ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்ட வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. தண்ணீர் வடிந்தபின் கிட்டங்கியைத் திறந்த பருப்பு வியாபாரி ஒருவர் நம்மிடம் சொன்னது இது: நனைந்த மூட்டைகளை நாற்றம் எடுக்குமுன் அப்புறப்படுத்தியாக வேண்டும், அதற்குள் நஷ்டத்துக்கு அத்தாட்சியாகப் படம் எடுத்தாக வேண்டும். செல்போனிலோ மிச்சமிருந்த சார்ஜ் வீட்டாரோடு பேசுவதற்கே காணாது. மூட்டைகளை வெயிலில் இழுத்துப் போட்டு எடுக்கப் பார்த்தால், திரையில் சரக்கு தெரியவில்லை, தம் முகம்தான் தெரிந்தது. குத்துமதிப்பாகப் பன்னிரண்டு படம் எடுத்தார். மூட்டையின் மேல் இருந்த லாட் எண் படிக்கும்படி இருந்தது இரண்டே படங்களில். சர்வேயர் வந்து உட்கார்ந்தபோது மீதிப் பத்தும் இருந்தும் இல்லாத கதைதான்.

இதை மனத்தில் வைத்துத்தான் நாம் எழுதுகிறோம். கேமரா வாங்குவதென்று முடிவு செய்தால், ஆப்டிகல் வியூஃபைண்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய பிலிம் கேமராவில் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்துப் பார்ப்போமே, அதே கண்ணாடித் துளைதான். அதில் பார்ப்பதற்கு மின்சாரம் வேண்டாம். உச்சி வெயிலிலும் காட்சி மங்காது. கேமராவை நெற்றியோடு அணைத்துப் பிடிப்பதால் கையும் ஆடாது. நாற்பது வாட் பல்பு எரியும் கிட்டங்கியில் இதன் அருமை தெரியும்.

துளை இருக்கிறது என்பதற்காக எதையும் வாங்கிவிடக் கூடாது. அதிலும் ரகம் இருக்கிறது. சட்டைப் பையில் அடங்கும் சிறு கேமராக்களில் முன்பு லென்சுக்கு மேலே தனியாக ஒரு சிறு துளை வைத்தார்கள். கேனான் ஜி வரிசையில் 2013-இல் வந்த ஜி16 வரைக்கும் அது இருந்தது. இந்தத் துளை லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது போலத்தான். தெருவையோ லாரியையோ எடுக்கும்போது குற்றம் தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மசாலா பாக்கெட்டை வைத்து எடுத்தால், துளையில் முழுதாகத் தெரிந்த லேபிள் படத்தில் மேற்பக்கம் வெட்டுப்பட்டு விழும். அது போதாதென்று, படத்தில் விழுவதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான் துளையில் தெரியும். பாக்கெட் படம் எடுக்கும் நமக்கு இது ஆகாது.

இன்னொரு கோடியில் ஃபியூஜி எக்ஸ்100 வரிசையும் லைக்கா எம் வரிசையும் இருக்கின்றன. அருமையான துளை, விலையும் அதற்கேற்றபடி. எக்ஸ்100 வரிசையில் 2024-இல் வந்த கேமரா ஒன்றரை லட்சத்துக்கும் மேல். லைக்கா பல லட்சம். மளிகைக் கடைக்கு அது வேண்டாம், வைர வியாபாரிகள் வேண்டுமானால் யோசிக்கட்டும்.

நமக்கு ஏற்றது கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். வகை. இதில் லென்ஸ் வழியாக வரும் காட்சியையே உள்ளே ஒரு கண்ணாடி திருப்பிக் கண்ணுக்குக் கொடுக்கிறது. ஆகவே கிட்டத்தில் வைத்து எடுத்தாலும் இடம் மாறாது. இந்த வகையை விட்டுவிட்டுப் பெரிய கம்பெனிகள் கண்ணாடி இல்லாத புது வகைக்குப் போய்விட்டன. அதிலும் கண் வைத்துப் பார்க்கலாம், வெயிலிலும் தெரியும், படம் எவ்வளவு வெளிச்சமாக விழும் என்பதை முன்கூட்டியே காட்டவும் செய்யும். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் துளைக்குள் இருப்பது ஒரு சிறு மின் திரை, பேட்டரியைத் தின்னும். 2018-இல் வந்த நிக்கான் டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் எடுக்கும் என்பது கம்பெனி கணக்கு. கரண்ட் இல்லாத மூன்று நாளில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

திருமணப் படம் எடுப்பவர்கள் புது வகைக்கு மாறி வருவதால் எஸ்.எல்.ஆர்.கள் பழைய சரக்காக நிறையக் கிடைக்கின்றன. இங்கேதான் நம் வியாபாரப் புத்தியைக் காட்ட வேண்டும். மூட்டையில் கொக்கி போட்டுச் சரக்கைப் பார்க்காமல் விலை பேசுவோமா? எத்தனை படம் எடுத்த கேமரா என்று முதலில் கேளுங்கள். ஷட்டருக்கு ஆயுள் உண்டு. நிக்கானின் சிறிய ரகங்களுக்கு ஒரு லட்சம், டி7000 வரிசைக்கு ஒன்றரை லட்சம் என்று சோதித்திருக்கிறார்கள். நிக்கான் படக் கோப்பிலேயே இந்த எண்ணிக்கை பதிவாகும். ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்துவிடலாம். கேனானில் அவ்வளவு சுலபமில்லை.

அடுத்து, துளையில் கண் வையுங்கள். உள்ளே தூசி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது படத்தில் விழாது. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், அது உங்கள் சாமர்த்தியம். படத்தில் விழுவது சென்சாரில் உள்ள தூசி. அதற்கு லென்ஸ் துவாரத்தை 16-க்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் புள்ளிகள் தாமாகவே வெளிவந்துவிடும். கடற்கரை ஊர் கேமராவானால் லென்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் நம்மில் அதிகம். துளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். உள்ளே தெரியும் எழுத்துகள் தெளிவாகும்வரை அதைத் திருப்புங்கள். இதைத் தெரியாமல் நல்ல கேமராவை "மங்கல்" என்று திருப்பிக் கொடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இன்னொன்று: கேனான் 1500டி போன்ற சிறிய ரகங்களில் துளை 95 சதவீதம்தான் காட்டும், ஓரத்தில் பக்கத்துச் சரக்கின் விலைச்சீட்டு நுழைந்துவிடும். நிக்கான் டி7200, கேனான் 80டி போன்றவை ஏறக்குறைய முழுவதையும் காட்டும். விலை வித்தியாசம் கட்டுபடியானால் அதையே எடுங்கள். கடையில் புதிதாகவோ பழையதாகவோ வாங்கினால் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கேட்டு வாங்குங்கள். இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பது நினைவிருக்கட்டும்.

கேமராவுக்குச் செல்போனில் இல்லாத இன்னொரு சௌகரியமும் உண்டு. கடைப் பையன் கையில் கொடுத்து, லாரியில் ஏறி எடுத்து வா என்று சொல்லலாம். செல்போனைக் கொடுப்போமா? கல்லாவே அதற்குள் அல்லவா இருக்கிறது!

வாங்கிய அன்றே கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். பழைய கேமராவில் வருடமே தப்பாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் படத்தை நஷ்டத்துக்கு அத்தாட்சியாகக் காட்டினால் கேள்விதான் வரும். மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் இடத்தில் லென்சைக் கழற்றக் கூடாது. ஈரம் போக அரிசிக்குள் புதைத்து வைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அரிசி விற்கும் நமக்கே தெரியும், அதிலிருந்து எவ்வளவு தூசி கொட்டும் என்று. இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போட்டு வையுங்கள். பேட்டரியைத் தனியே கழற்றி, ஐப்பசி பிறக்குமுன் ஒரு தடவை முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள்.