நீர்ப்பசைக்கு விலை கொடுப்பவர் யார்?

இஸ்தான்புல் நகரின் செருப்புத் தொழிலாளர் 26 பேரைப் பீடித்த இரத்தப் புற்றுநோய்க்கு, அவர்கள் நாள்தோறும் கையாண்ட பசையில் கரைப்பானாகக் கலந்திருந்த பென்ஸீனே காரணமென்று டாக்டர் முசாஃபர் அக்சாய் 1974-இல் எடுத்துரைத்தார். அதற்கு முன்பே, 1963-இல் பென்ஸீனைச் சட்டத்தால் கட்டுப்படுத்திய இத்தாலியிலோ, அதன் இடத்தைப் பிடித்த ஹெக்ஸேன், சரீரத்தினுள் வேறொரு நச்சு வஸ்துவாக மாறித் தொழிலாளரின் கைகால் நரம்புகளைச் செயலிழக்கச் செய்தது. விஷத்துக்கு விஷத்தையே மாற்றாகக் கொள்ளும் இந்த விபரீதத்திலிருந்து மீளும் மார்க்கமாகவே நீரை ஆதாரமாகக் கொண்ட பசை கருதப்படுகிறது.

இப்பசையின் மூலப்பொருளான பாலியூரித்தேன் இயல்பாக நீரோடு சேராது. அதன் நீண்ட சங்கிலியில் மின்னேற்றமுள்ள அணுத்தொகுதிகளை இணைத்து, நுண்துகள்களாக நீரில் மிதக்கவிடும் உபாயத்தை ஜெர்மானிய ரசாயன நிபுணர்கள் 1960-களில் வளர்த்தனர். பூசி உலர்ந்த படலத்தைச் சுமார் 60 டிகிரிக்குச் சூடாக்கி, மேல்தோலையும் சோலையும் சேர்த்து அழுத்தினால், ஆறும்போது அது படிகமாக இறுகிப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஒரு கிராம் அசிட்டோனை ஆவியாக்க ஏறக்குறைய 125 கலோரி உஷ்ணம் போதுமென்றால், நீருக்கு 540 கலோரி வேண்டும். ஆகவே உலர்த்தும் இயந்திரம், மின்சாரம், காத்திருக்கும் நேரம் ஆகிய யாவும் புதிய செலவுகளாகின்றன. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் நீர் எளிதில் படியாதாகையால், பரப்பைச் சுத்தம் செய்யும் பிரயாசையும் கூடுகிறது.

இச்செலவை ஆலை முதலாளி தாமாக ஏற்பது அபூர்வம். வியட்நாமில் நைக்கி நிறுவனத்துக்காக இயங்கிய ஆலையொன்றில் பசைக் கரைப்பானான டொலுவீனின் ஆவி அளவு மீறியிருந்த செய்தி 1997-இல் அம்பலமாகி, உலகெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே, நீர்ப்பசைக்கு மாறும் வேகம் அங்கே துரிதமாயிற்று. ரசாயனம் முப்பதாண்டுகளாகக் காத்திருந்தது. கொள்முதல் செய்வோரின் மனம்தான் தாமதித்தது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் அந்நிய வியாபாரிகளுக்காகக் காலணி செய்யும் ஆலைகளின் விஷயத்திலும் நியாயம் இதுவே: நீர்ப்பசையைக் கோருகிறவர், ஜோடியின் விலையில் அதற்கான மின்செலவையும் சேர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். பசை நீரில் வந்துவிட்டது என்பதற்காகக் காற்றோட்டத்தை அலட்சியம் செய்வதும் அபாயகரமானது. பிடிப்பை உறுதியாக்கச் சேர்க்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, சோலின் முன்பூச்சிலோ பழைய கரைப்பான்கள் இன்னும் பலவிடத்தும் நிலைத்திருக்கின்றன. திறந்த டப்பாவில் ‘சொல்யூஷன்’ வைத்துக்கொண்டு வேலை செய்யும் சிறு பட்டறைகளுக்கோ உலர்த்தும் இயந்திரங்கள் எட்டாத தூரத்தில் உள்ளன. 1948 முதல் சென்னையில் பணியாற்றிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அவர்கள் வாங்கத்தக்க விலையில் உலர்த்தும் சாதனத்தை ஆக்கித்தருவதில் இப்போதே முனைய வேண்டும்.