கணக்கில் வராத உழைப்பு

பொதுத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பல லட்சம் மாணவர்கள் ஒரே நேரத்தில் ஒரே வலைத்தளத்தை நாடுகின்றனர். முடிவு தடையின்றிக் கிடைத்துவிட்டால், அதற்குப் பின்னே ஒருவர் உழைத்தார் என்ற நினைவே எவருக்கும் எழுவதில்லை. கிடைக்காவிடிலோ கண்டனம் உடனே எழுகிறது. அக்கண்டனத்துக்கு ஆளாகிறவர் கணினி நிர்வாகி. சர்வர் என்று அலுவலகங்களில் வழங்கும் சேவையகக் கணினிகளைப் பராமரிப்பதும், அவற்றில் ஏற்ற வேண்டிய மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதும் அவருடைய கடமைகள். முன்னது வேலையாக மதிக்கப்படுகிறது. பின்னதோ, நேரம் கிடைத்தால் செய்துகொள்ளும் காரியமாகக் கருதப்படுகிறது. இக்கருத்து மாற வேண்டும்.

அவருடைய நாள் எவ்வாறு கழிகிறது என்பதை முதலில் காண்போம். இரவில் எடுத்த காப்புப் பிரதி முழுமையாக முடிந்ததா, வட்டில் எவ்வளவு இடம் மீதியிருக்கிறது, இயக்கப் பதிவுகளில் புதிய பிழைச் செய்தி உண்டா என்று பார்ப்பது காலை வேலை. சேவையகங்களின் கடிகாரங்கள் ஒத்திருக்கின்றனவா என்பதும் கவனிக்கப்படும். ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் ஓடினால், எந்தப் பிழை முதலில் நேர்ந்தது என்று பதிவுகளைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, 2022 ஏப்ரல் 28ஆம் தேதி பிறப்பித்த உத்தரவில், தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகம் வழங்கும் நேரத்தோடு கடிகாரங்களை இசைவிக்க வேண்டும் என்றும், பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் விதித்திருப்பதன் பயன் இங்கே விளங்கும்.

பின்னர்ச் சோதனைப் பணி தொடங்குகிறது. மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும், பொதுமக்கள் உபயோகிக்கும் சேவையகத்தில் அதை நேராக ஏற்றுவதில்லை. அதே அமைப்புடைய சோதனைச் சேவையகத்தில் ஏற்ற வேண்டும். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சேவையக மென்பொருள்களில், அமைப்புக் கோப்பிலுள்ள எழுத்துப் பிழைகளை முன்கூட்டியே காட்டும் கட்டளை உண்டு. ஆனால் இலக்கணப் பிழை இல்லாத வாக்கியத்திலும் பொருட்பிழை இருக்கலாம் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆகவே படிவத்தை நிரப்பி அனுப்புதல், தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தல், இணைப்பை நடுவில் அறுத்தல் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறார்.

அடுத்தது பளுச் சோதனை. ஜேமீட்டர் போன்ற கருவிகள், பலர் ஒரே நேரத்தில் வந்தாற்போலக் கோரிக்கைகளை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து கொடுக்கும். இங்கே சராசரியை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். உதாரணமாக, 100 கோரிக்கைகளில் 95க்கு 0.2 விநாடியிலும், எஞ்சிய 5க்கு 10 விநாடியிலும் பதில் வந்ததாகக் கொள்வோம். சராசரி 0.69 விநாடிதான்; அறிக்கையில் அது அழகாகவே இருக்கும். ஆனால் நூற்றில் ஐவர் 10 விநாடி காத்திருந்தனர். அவர்களுள் சிலர் மறுபடியும் பொத்தானை அழுத்துவார்கள். பளு மேலும் ஏறும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, காப்புப் பிரதியிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் சோதனை. 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லாப் நிறுவனத்தில் நேர்ந்ததை அந்நிறுவனமே பகிரங்கமாக விளக்கியிருக்கிறது. பொறியாளர் ஒருவர், துணைத் தரவுத்தளம் என்று நினைத்து, முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட் மட்டுமே மிஞ்சியது. காப்பு முறைகளில் ஒன்று, பதிப்பு பொருந்தாமையால் வேலை செய்யாமலே இருந்தது. அத்தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. முடிவில் கைகொடுத்தது, சோதனை ஒன்றுக்காக ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்து வைத்த பிரதியே. அந்த 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று நம்பியிருக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சோதனையைப் படிப்படியாகச் செய்யாததன் விளைவு 2024 ஜூலை 19ஆம் தேதி உலகெங்கும் தெரிந்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தத்தால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. அதைச் சரிபார்க்க வேண்டிய நிரலிலேயே குறை இருந்தது. திருத்தமும் முதலில் சிலருக்கு அனுப்பிப் பார்க்கப்படாமல் எல்லோருக்கும் ஒருங்கே சென்றது. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயண அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதமின்றி ஏற்ற வேண்டியிருக்க, சோதனைக்கு நேரம் ஏது என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தெரிந்துவிட்ட ஓட்டையைத் திறந்து வைத்திருப்பதும் ஆபத்துதான். ஆனால் சோதனைச் சேவையகமும், பார்க்க வேண்டியவற்றின் பட்டியலும் முன்கூட்டியே தயாராக இருக்குமானால், நாட்கணக்கில் ஆகும் வேலை மணிக்கணக்கில் முடியும். தனிக் கணினி வாங்கப் பணமில்லை என்பதும் முழுச் சமாதானம் ஆகாது. ஒரே கணினிக்குள் பல மெய்நிகர்க் கணினிகளை இயக்கும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

புதிய விதையை ஊர் முழுவதற்கும் சிபாரிசு செய்வதற்கு முன், களப்பணியாளர் சிறு பாத்தியில் விதைத்துப் பார்க்கிறார். வகுப்பில் செய்து காட்ட வேண்டிய பரிசோதனையை விஞ்ஞான ஆசிரியர் முதல் நாளே செய்து பார்த்துக்கொள்கிறார். இவற்றை வீண் வேலை என்று எவரும் கூறுவதில்லை. சேவையகச் சோதனையும் இத்தன்மையதே. அது தவறினால், சான்றிதழ் உரிய நாளில் கிடைக்காமல் மாணவன் கல்லூரி இடத்தை இழக்கலாம். களத்திலிருந்து அனுப்பிய ஒரு பருவத்தின் அளவீடுகள் அழிந்து போகலாம். அழிந்த அளவீட்டை மறுபடியும் எடுக்க இயலாது. அந்தப் பருவம் திரும்பி வருவதில்லை.

ஆகவே அலுவலகத் தலைவர்கள் செய்ய வேண்டியவை மூன்று. சோதனைக்கென வாரத்தில் குறிப்பிட்ட நேரத்தை வேலை நேரமாகவே ஒதுக்குதல் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் காப்புப் பிரதியிலிருந்து தரவை மீட்டு, எவ்வளவு நேரமாயிற்று என்று எழுதி வைத்தல் வேண்டும். சோதனையில் தேறாத மென்பொருளை ஏற்ற முடியாது என்று கூறும் உரிமையை நிர்வாகிக்கு எழுத்து மூலமாக வழங்குதல் வேண்டும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்ற காரணம் அவ்வுரிமையை மீறலாகாது.

களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கணினி நிர்வாகியைக் காணும்போது, தாம் அனுப்பிய தரவு கடைசியாக எந்தத் தேதியில் மீட்டுப் பார்க்கப்பட்டது என்று கேட்கலாம். தேதி சொல்லப்பட்டால் மகிழலாம். சொல்லப்படாவிடில், அச்சோதனைக்கு நேரம் ஒதுக்குமாறு மேலதிகாரிக்கு எழுதலாம்.